படர்க்கை

இரவு பதினொன்றரைக்கு மரண அறிவித்தல்கள் என் மேசைக்கு வரும்.
மானிப்பாயைப் பிறப்பிடமாகவும்
ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட
என்று தொடங்கி, தகவல்: குடும்பத்தினர் வரை
ஒரு சொல்லும் இடம் மாறக்கூடாது.
அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.
உயிரோடு இருப்பவர்கள் இப்படி ஒழுங்காகப் பேசுவதில்லை.

இதையும் கவனித்திருக்கிறேன்:
காலமானார். இறைபதம் அடைந்தார்.
செத்தபிறகு எல்லாருக்கும் ஒரே விகுதி.

பதினொரு வயதுவரை நான் பிள்ளை.
பிள்ளை சாப்பிட்டுட்டுதோ,
பிள்ளை ஏன் காதைப் பொத்துது.
கொட்டடி வீட்டுத் தென்னம்பிள்ளைக்கும் எனக்கும்
ஒரே 'து'தான். இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம்
பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்று
சித்தி ரெலிபோனில் லண்டனுக்குச் சொன்னா.
யார் என்று நான் கேட்டேன்.

சாமத்தியவீட்டு வீடியோக்காரர்
வெட்கப்படுங்கோ பிள்ளை என்றார்.
எப்படி?
தலையைக் குனிஞ்சு, மெல்ல நிமிர்ந்து கமராவைப் பாருங்கோ.
எவ்வளவு குனிய? எத்தனை எண்ணும்வரை?
கூடம் முழுக்கச் சிரித்தது.
நான் நாலு எண்ணினேன். இன்றைக்கும் அந்த வீடியோவில்
என் வெட்கத்தின் நீளம் சரியாக நாலு செக்கன்.
சரிகை கழுத்தை அராவியதும்
ஜிமிக்கி மூச்சுக்கு மூச்சு காதுக்குள் மணி அடித்ததும்
அதில் பதிவாகவில்லை.

பிறகு பாடமாக்கத் தொடங்கினேன்.
என் வகுப்பு இமெல்டா பஸ்ஸில் பையை மடியில் வைக்கும் விதம்,
சிரிக்குமுன் கை வாய்க்குப் போகும் தூரம்,
'ஐயோ' எங்கே, 'சீ' எங்கே.
கொப்பியில் திகதி போட்டு எழுதினேன்.
இருபது வருடம்
அந்நிய மொழிபோலப் பெண்ணைப் பேசினேன்.
உச்சரிப்பில் குறை சொன்னவர் இல்லை.
வீட்டுக்கு வந்தால் நாக்கு நோகும்.

போன மாசியில், முப்பத்திநாலு வயதில்,
ஆஸ்பத்திரி வீதிக் கிளினிக்கில் ஓட்டிசம் என்றார்கள்.
அது எனக்கு ஓரளவு தெரிந்ததுதான்.
அடுத்த கேள்விக்குத்தான் தடுமாறினேன்:
உங்களுக்குள்ளே நீங்கள் பெண் என்று உணருகிறீர்களா?

நேர்மையாகத் தேடிப் பார்த்தேன்.
பசி இருந்தது.
ரியூப்லைற் இரைந்தது.
மூன்று சுவருக்கு அப்பால்
பருத்தித்துறை 750 கியர் மாற்றியது.
இவ்வளவும் கேட்கிற காதுக்கு
எல்லாருக்கும் கேட்குமாம் என்கிற அந்த ஒன்று
கேட்கவில்லை.
ஆண் என்றும் கேட்கவில்லை,
அதையும் எழுதிக்கொள்ளுங்கோ என்றேன்.

சைக்கிளில் வரும்போது விகுதிகளைப் பிரித்துப் பார்த்தேன்.
வந்தான், வந்தாள்: படர்க்கை.
வந்தேன் என்பதில் பால் இல்லை.
வந்தாய் என்பதிலும் இல்லை.
என் முகத்துக்கு நேரே பேசுகிற எவருக்கும் அது தேவைப்படாது.
நான் அறையைவிட்டு எழும்பிப் போனபிறகுதான்
என்னைப் பெண்ணாக்குகிறார்கள்.
சத்திரச் சந்தியில் நின்று
இதை யாருக்காவது சொல்லவேண்டும் போல் இருந்தது.
சிவப்பு லைற் விழுந்திருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்றைய கடைசி அறிவித்தல் அராலியிலிருந்து.
வயது இருபத்தாறு. கையெழுத்துப் பிரதி.
'அன்பு மகனும்' வெட்டி, மேலே 'மகளும்',
அதையும் வெட்டி,
பேனை தாளைக் கிழித்த இடத்துக்குப் பக்கத்தில்
'அன்புப் பிள்ளையும்'.

கங்காதரன் சேர் கண்ணாடியை உயர்த்தினார்.
என்ன இது? ஆணா பெண்ணா?
போன் எடுத்துக் கேட்டுத் திருத்தும்.
தகப்பனின் நம்பர் அடியில் இருந்தது.
நான் ஒற்றைப் பார்த்தேன்.
அன்பு, ப், பிள்ளை.
மிகவேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது.
பிழை இல்லை சேர் என்றேன்.

இரண்டு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்க
காதுக்குப் பஞ்சு வைத்தேன்.
இமெல்டா பிளேன்ரீயை வைத்துவிட்டு
என் தோள் தையலைத் தொடாமல் காட்டினாள்
(பாருங்கோ, நானும் 'ஆள்' போடுகிறேன்).
உம்மட சட்டை உள்வெளி மாறிக் கிடக்கு.

இல்லை. சரியாத்தான் கிடக்கு.